நாற்பது கணினிகளில் ஒரே இடத்திலிருந்து மென்பொருள் நிறுவுதல்: யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயங்கள்

ஒரு மேசையில் இருந்தபடியே நாற்பது கணினிகளில் மென்பொருள் போடுவது எப்படி என்று தேடினால் ஒற்றை வரிக் கட்டளைதான் பதிலாகக் கிடைக்கும். அந்த வரியில் பிழை இல்லை. ஒழுங்காக அமைத்த கணினியில் அது ஓடும். ஆனால் திருகோணமலை உவர்மலைப் பக்கம் இரண்டு மாடிகளில் இயங்கும் ஒரு பயிற்சி நிலையத்தில் இருப்பவை ஒழுங்காக அமைத்த கணினிகள் அல்ல. பல வருடங்களில் பல கைகளால் வாங்கப்பட்டவை. சிலதில் வின்டோஸ் 10 புரோ, சிலதில் வின்டோஸ் 11 ஹோம். சேவர் என்று எதுவும் இல்லை. உயர்தர ஐசிடி வகுப்பு தொடங்குமுன் இவை எல்லாவற்றிலும் பைத்தன், லிப்ரே ஒபிஸ், ஒரு கோட் எடிட்டர், தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் இருக்க வேண்டும். வார இறுதிக்குள் முடியும் என்று நம்பிய வேலை இழுபட்டது, வகுப்பு பிந்தியது, மேலதிக டேட்டாவுக்கும் புது சுவிட்சுக்கும் காசு போனது, சில பெற்றோருக்குக் கட்டணத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. இதையெல்லாம் தனியாகத்தான் சமாளிக்க வேண்டியிருந்தது. கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. இன்னொருவருக்கு அந்த நிலை வராமல் இருக்கட்டும் என்று நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

தொலைவிலிருந்து நிறுவுவது என்றால் திரைக்கு முன்னால் ஆள் இல்லாமல் நிறுவுவது. 'நெக்ஸ்ட்' அழுத்த ஆள் இல்லை, பிழைச் செய்தியை வாசிக்க ஆள் இல்லை, கேபிள் கழன்றால் குத்தவும் ஆள் இல்லை. கீழே வரும் சிக்கல்கள் அநேகமாக எல்லாமே இந்த ஒன்றிலிருந்துதான் பிறக்கின்றன.

முதல் அடி இணைய டேட்டாவில் விழுந்தது. ஒவ்வொரு கணினியும் தானே இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் பக்கேஜ் மனேஜர்கள் பார்க்க அழகாக இருக்கும், கட்டளையும் சிறியது. ஆனால் லிப்ரே ஒபிஸ் மட்டுமே ஏறத்தாழ 350 எம்பி. நாற்பது கணினி என்றால் 14 ஜிபி. மாதக் கோட்டா உள்ள இணைப்பில் ஒரேயொரு மென்பொருளுக்கு அவ்வளவு போய்விடும். அதோடு வின்டோஸ் அப்டேட்டும் சேர்ந்துகொண்டால் மாதம் பாதியிலேயே வேகம் ஊர்ந்து போகும். சொக்லேட்டி என்ற பக்கேஜ் மனேஜரின் பொதுக் களஞ்சியம் போன்றவை ஒரே இணைய முகவரியிலிருந்து தொடர்ந்து வரும் கோரிக்கைகளை இடையில் மறித்தும் விடும். ஆகவே கோப்பை ஒருமுறை மட்டும் இறக்கி, அதன் எஸ்எச்ஏ-256 ஹாஷை (கோப்பு மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்) தயாரிப்பாளர் தந்ததோடு ஒப்பிட்டு, உள் நெட்வேர்க்கிலேயே பரப்புங்கள். நிறுவிக் கோப்பு எக்ஸ்இ, எம்எஸ்ஐ (வின்டோஸின் சொந்த நிறுவி வடிவம்) என்று இரண்டு வகையிலும் கிடைத்தால் எம்எஸ்ஐயை எடுங்கள். காரணம் பிறகு வரும்.

இறக்கிய கோப்பை ஒரு கணினியில் பகிர்ந்து வைத்து மற்றவை எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டால், பாதிக் கணினிகளில் வேலை நடக்கும், மீதிப் பாதியில் பிழை எண் 71 வரும். நெட்வேர்க் கோளாறு என்று நினைத்து கேபிள் கேபிளாகச் சோதிக்கத் தோன்றும். அது கேபிள் கோளாறே அல்ல. டெஸ்க்டொப் வின்டோஸ், புரோ பதிப்பாக இருந்தாலும், பகிர்ந்த கோப்புறைக்கு ஒரே நேரத்தில் 20 இணைப்புகளுக்கு மேல் அனுமதிப்பதில்லை. இது உரிமத்தில் உள்ள வரம்பு. இரண்டு வழிகளில் இதைக் கடக்கலாம். பழைய கணினி ஒன்றில் லினக்ஸும், வின்டோஸ் கணினிகளுக்குக் கோப்புப் பகிரும் சம்பா மென்பொருளும் போட்டு அதைக் கோப்புக் கிடங்காக்கலாம். அங்கே இந்த வரம்பு இல்லை. அல்லது திசையை மாற்றலாம்: மற்றவை வந்து எடுக்காமல், நிர்வாகக் கணினியே ஒவ்வொன்றின் சி டிரைவுக்குள்ளும் கோப்பைத் தள்ளட்டும். அப்போது ஒவ்வொரு கணினிக்கும் உள்ளே வருவது ஒரே ஒரு இணைப்புத்தான். தள்ளுவதற்கு வின்டோஸோடு வரும் ரோபோகொப்பி என்ற நகல் கட்டளை நல்லது. அதில் இசட் என்ற தெரிவைக் கொடுத்தால், இடையில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எங்கள் ஊரில் இந்த ஒரு தெரிவு எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும் என்று சொல்லத் தேவையில்லை.

வேகத்தையும் முன்கூட்டியே கணக்குப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் சுவிட்சில் உண்மையில் கிடைப்பது செக்கனுக்கு 11 எம்பி அளவு. 14 ஜிபி போக இருபது நிமிடத்துக்கு மேல் எடுக்கும். கிகாபிட் என்றால் சில நிமிடங்களில் முடியும். சுவிட்ச் கிகாபிட்டாக இருந்தும் ஒரு கணினி மட்டும் 100 என்று காட்டினால் கனெக்டரைப் பாருங்கள். 100க்கு கேபிளில் உள்ள இரண்டு சோடிக் கம்பிகள் போதும், கிகாபிட்டுக்கு நான்கு சோடியும் வேண்டும். கடற்காற்று படும் ஜன்னலோரத்துக் கனெக்டர்களில் ஊசி பச்சை பிடித்து ஒரு சோடி செத்திருக்கும். இணையம் வேலை செய்வதால் யாருக்கும் தெரியாது. தலையை வெட்டி, புது ஆர்ஜே-45 கிரிம்ப் பண்ணினால் சரி. கீழ்மாடியில் இருந்த 100 எம்பிபிஎஸ் சுவிட்சை மாற்றியே ஆக வேண்டியிருந்தது, அந்தச் செலவு வீண்போகவில்லை.

அடுத்தது அனுமதி. பயனர் பெயர் சரி, பாஸ்வேர்ட் சரி, அந்தக் கணக்கு அட்மின் குழுவிலும் இருக்கிறது, ஆனாலும் 'அக்செஸ் டினைட்'. டொமைன் (எல்லாக் கணினிகளையும் கணக்குகளையும் ஒரு சேவர் நிர்வகிக்கும் ஏற்பாடு) இல்லாத நெட்வேர்க்கில் உள்ளூர் அட்மின் கணக்கு ஒன்று தொலைவிலிருந்து வந்தால், வின்டோஸ் அதன் அட்மின் அதிகாரத்தை உருவிவிட்டுத்தான் உள்ளே விடும். அட்மின் அதிகாரம் தருமுன் அனுமதி கேட்கும் யூஏசி என்ற பாதுகாப்பின் ஒரு பகுதி இது. இதைத் தளர்த்த, வின்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் சிஸ்டம் பொலிசிகள் உள்ள இடத்தில் 'லோக்கல் அக்கவுன்ட் டோக்கன் ஃபில்டர் பொலிசி' என்ற பெயரில் (சொற்களை இடைவெளி இல்லாமல் சேர்த்து) ஒரு டிவேர்ட் (எண் மதிப்பு) உருவாக்கி 1 என்று போட வேண்டும். அதோடு நெட்வேர்க் வகை 'பப்ளிக்' என்று இருந்தால் ஃபயர்வோல் கதவை மூடியே வைத்திருக்கும், 'பிரைவேட்' ஆக்குங்கள். கோப்புத் தள்ளவும், தொலைக் கணினியில் கட்டளை ஓட்டும் மைக்ரோசொஃப்டின் பிஎஸ்எக்செக் கருவிக்கும் போர்ட் 445 திறந்திருக்க வேண்டும்; அதே வேலையை இன்னொரு வழியில் செய்யும் பவர்ஷெல் ரிமோட்டிங்குக்கு 5985. இந்த மூன்றையும் ஒருமுறை ஒவ்வொரு கணினியிலும் போய்க் கையால் செய்தே ஆக வேண்டும், குறுக்குவழி கிடையாது. ஒரு சின்ன ஸ்கிரிப்டைப் பென்டிரைவில் கொண்டுபோனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் போதும். அந்தப் பென்டிரைவ் எழுதமுடியாதபடி பூட்டும் வகையாக இருந்தால் வைரஸ் சுற்றுலாவையும் தடுக்கலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தத் தளர்வையும், எல்லாக் கணினிகளுக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டையும் நிரந்தரமாக விட்டுவைக்காதீர்கள். ஒரு கணினியில் நுழைந்த ரான்சம்வெயார் அதே சாவியால் மற்ற முப்பத்தொன்பதையும் திறக்கும். நிறுவலுக்கென்று தனிக் கணக்கு ஒன்று வையுங்கள். வேலை முடிந்ததும் அதை முடக்குங்கள், ரெஜிஸ்ட்ரி மதிப்பையும் பழையபடி ஆக்குங்கள். டொமைன் உள்ளவர்கள் 2023 ஏப்ரல் முதல் வின்டோஸுக்குள்ளேயே வரும் லாப்ஸைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு பாஸ்வேர்ட் தானாக மாறும்.

கதவு திறந்ததும் நிறுவல். எதுவும் கேட்காமல் ஓடும் அமைதி நிறுவலுக்கான தெரிவுகள், அந்த நிறுவியை உருவாக்கிய கருவியைப் பொறுத்து மாறும். எம்எஸ்ஐ என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே முறைதான்: எம்எஸ்ஐஎக்செக் கட்டளையோடு சாய்கோடு போட்டு கியூ, என் என்ற இரு எழுத்துகள், பின் நோ-ரீஸ்டார்ட், பின் நடந்ததைப் பதியும் லொக் கோப்பின் பெயர். எம்எஸ்ஐயை விரும்பச் சொன்னதன் காரணம் இதுதான். என்எஸ்ஐஎஸ் வகை நிறுவிகளுக்குச் சாய்கோட்டோடு ஆங்கிலப் பெரிய எழுத்து எஸ். சிறிய எழுத்தில் தட்டினால் அது கேட்காது. இன்னோ செட்டப் வகைக்கு 'வெரி சைலன்ட்' என்ற சொல், அதோடு செய்திப் பெட்டிகளை அடக்கும் தெரிவு, நோ-ரீஸ்டார்ட். தவறான தெரிவைக் கொடுத்தால் பிழை வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். நிறுவி சாதாரணமாகத் திறந்து 'நெக்ஸ்ட்' கேட்டு நிற்கும். அது சிஸ்டம் கணக்கில் (வின்டோஸ் தன் உள்வேலைகளுக்கு வைத்திருக்கும் கணக்கு) ஓடுவதால் அந்தப் பெட்டி, கணினிக்கு முன்னால் இருப்பவருக்கே தெரியாத ஒரு திரையில் இருக்கும். விடியும்வரை காத்திருந்தாலும் முடியாது. ஆகவே ஒவ்வொரு கட்டளைக்கும் கால வரம்பு வையுங்கள், பத்து நிமிடத்தில் முடியாததை நிறுத்திவிட்டு அடுத்த கணினிக்குப் போகட்டும்.

சிஸ்டம் கணக்கு என்பது தனி உலகம். உங்கள் கணக்கில் சோதித்துச் சரிவந்தது அங்கே சரிவரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. டொமைன் இல்லாத இடத்தில் சிஸ்டம் கணக்கு நெட்வேர்க்கில் உள்ள பகிர்வைத் திறக்காது, அதனால்தான் கோப்பை முதலில் சி டிரைவுக்குள் தள்ளிவிட்டு அங்கிருந்து ஓட்ட வேண்டும். பவர்ஷெல் ரிமோட்டிங்கிலும் கிட்டத்தட்ட இதே கதை: தொலைக் கணினிக்குள் நுழைந்த அமர்வு அங்கிருந்து மூன்றாவது கணினியின் பகிர்வுக்குத் தாவாது. சோதனைக்கு, ஒரு கணினியில் பிஎஸ்எக்செக்கின் எஸ், ஐ தெரிவுகளோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்தால் அது சிஸ்டம் கணக்கில் திறக்கும். நிறுவல் கட்டளையை அங்கே ஓட்டிப் பாருங்கள்.

பைத்தனில் இது அப்பட்டமாகத் தெரியும். நிறுவல் வெற்றி, முடிவைச் சொல்லும் வெளியேறு எண் 0, லொக்கில் ஒரு பிழையும் இல்லை. மாணவர் உட்கார்ந்ததும், "சேர், பைத்தன் இல்லை எண்டு காட்டுது." வழமையான பைத்தன் நிறுவி எதுவும் சொல்லாவிட்டால் யார் ஓட்டுகிறாரோ அவருக்கு மட்டும் நிறுவும். ஓட்டியது சிஸ்டம். ஆகவே சிஸ்டம் கணக்கின் புரொஃபைலுக்குள், வின்டோஸ் கோப்புறையின் ஆழத்தில் போய் அது உட்கார்ந்திருக்கும். 'இன்ஸ்டோல் ஓல் யூசர்ஸ்' 1, 'பிரிபென்ட் பாத்' 1 என்ற இரண்டையும் கட்டளையில் சேர்த்தால் சரிவரும். வீஎஸ் கோட் எடிட்டருக்கும் பயனர் நிறுவி, சிஸ்டம் நிறுவி என்று இரண்டு உண்டு; கணினிக் கூடத்துக்குச் சிஸ்டம் நிறுவிதான். நிறுவி முடிந்ததும் எடிட்டரைத் திறக்காதே என்ற தெரிவையும் சேர்க்க வேண்டும்.

எழுத்துரு விஷயத்தில் நம் ஊருக்கென்றே ஒரு தலையிடி உண்டு. யுனிகோடுக்கு எல்லோரும் மாறிவிட்டதாகச் சொன்னாலும், பழைய வினாத்தாள்களும் குறிப்புகளும் பாமினியில்தான் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எழுத்துருக் கோப்பை வின்டோஸின் ஃபொன்ட்ஸ் கோப்புறைக்குள் தொலைவிலிருந்து போட்டால் மட்டும் அது வேலை செய்யாது. கணினி முழுமைக்குமான ரெஜிஸ்ட்ரிப் பகுதியில் ஃபொன்ட்ஸ் என்ற இடத்தில் எழுத்துருவின் பெயரையும் கோப்பின் பெயரையும் பதிய வேண்டும், பிறகு ரீஸ்டார்ட். ரெங்கநாதன் விசைப்பலகை போன்றவற்றை நிறுவினாலும் அவை மாணவரின் கணக்கில் தானாக வந்து நிற்காது, உள்ளீட்டு மொழிப் பட்டியல் ஒவ்வொரு பயனருக்கும் தனியானது. மாணவர் கணக்கு லொகின் ஆகும்போது ஓடும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றில் அதைச் சேர்க்கலாம்.

இனிச் சொல்வதுதான் மனதை உடைத்த விஷயம். எல்லாம் சரிவந்து, மாலையில் எல்லாக் கணினிகளையும் நிறுத்திவிட்டு, அடுத்த நாள் காலையில் திறந்தால் ஒரு வரிசை முழுக்க எதுவும் இல்லை. பைத்தன் இல்லை, ஒபிஸ் இல்லை, தள்ளிய கோப்புகூட இல்லை. லொக்கும் சேர்ந்தே மறைந்துபோனதால் என்ன நடந்தது என்று பார்க்கவும் வழியில்லை. கைகால் ஓயும் அளவுக்குச் சோர்வு வந்தது, உண்மையைச் சொன்னால் கண் கலங்கியது. காரணம், அந்த வரிசையை விற்ற வியாபாரி டீப் ஃப்ரீஸ் என்ற மென்பொருளைப் போட்டுவைத்திருந்தார். சின்னத்தை மறைத்தும் வைத்திருந்தார், யாருக்கும் சொல்லவில்லை. ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் டிஸ்க் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பாஸ்வேர்ட் கேட்டால் அவரிடமும் இல்லை. கடைசியில் அந்தக் கணினிகளில் வின்டோஸையே புதிதாகப் போட வேண்டியிருந்தது.

ஆகவே எந்தக் கூடத்திலும் முதல் வேலையாக இதைச் சோதியுங்கள்: டெஸ்க்டொப்பில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி, ரீஸ்டார்ட் செய்து, கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நேரம் காட்டும் மூலையில் வெள்ளைக் கரடிச் சின்னம் இருந்தால் சந்தேகமே இல்லை. இல்லாவிட்டாலும் கன்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் மூன்றோடு எஃப்6 அழுத்திப் பாருங்கள், பாஸ்வேர்ட் பெட்டி வந்தால் உள்ளே இருக்கிறது. பாஸ்வேர்ட் கைக்கு வந்தால் 'தோ' (உறைவு நீங்கிய) நிலைக்கு மாற்றி, நிறுவி, ரீஸ்டார்ட் செய்து உறுதிப்படுத்தி, மறுபடி உறையவைக்கலாம். கணினி வாங்கும்போது இந்தப் பாஸ்வேர்டையும் பயோஸ் பாஸ்வேர்டையும் எழுத்தில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள்.

அதே வரிசை ஒரே டிஸ்க்கிலிருந்து நகல் எடுத்ததாகவும் இருந்தது. நகலுக்கு முன் கணினியின் தனி அடையாளங்களை நீக்கும் வின்டோஸின் சிஸ்பிரெப் கருவியை ஓட்டாமல் நகலெடுத்தால் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே பாதுகாப்பு அடையாள எண் இருக்கும். நெடுங்காலம் இது பெரிதாகத் தொந்தரவு தரவில்லை. வின்டோஸ் 11 24எச்2 பதிப்பில் 2025 ஆகஸ்டு 29 முதல் வந்த அப்டேட்டுகளுக்குப் பிறகு, ஒரே எண் கொண்ட கணினிகள் ஒன்றோடொன்று லொகின் ஆகாது. சரியான பாஸ்வேர்டுக்கும் மறுப்புத்தான் வரும். மேலே சொன்ன ரெஜிஸ்ட்ரி மாற்றத்துக்குப் பிறகும் அனுமதி மறுக்கப்பட்டால் இதைச் சந்தேகியுங்கள். தீர்வு, சிஸ்பிரெப் ஓட்டிய மூலத்திலிருந்து மறுபடி நகலெடுப்பது. வின்டோஸ் 10 உள்ளவர்கள் வின்டோஸ் 11க்கு மாறும்போதே இதையும் ஒரேயடியாகச் செய்துவிடுவது நல்லது, வின்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது.

கரண்ட் பற்றியும் சொல்ல வேண்டும். ஒக்டோபர், நவம்பரில் இடியும் மழையும் கூடும் நாட்களில் பெரிய நிறுவல்களை வைக்காதீர்கள். எம்எஸ்ஐ பாதியில் கரண்ட் போனால் அடுத்த முறை 1603 என்ற பொதுத் தோல்வி வரலாம். 1618 வந்தால் வேறொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். 1618க்கு ரீஸ்டார்ட் செய்து மறுபடி ஓட்டுவது பெரும்பாலும் போதும். 1603க்கு லொக்கைத் திறந்து 'ரிட்டர்ன் வெல்யூ 3' என்று தேடுங்கள், அந்த வரிக்குச் சற்று மேலே உண்மைக் காரணம் இருக்கும். 3010 தோல்வி அல்ல, நிறுவல் முடிந்தது, ரீஸ்டார்ட் மட்டும் தேவை. ஸ்கிரிப்ட் 0 அல்லாத எல்லாவற்றையும் தோல்வியாக எண்ணினால் நல்ல கணினிகளிலும் மறுபடி மறுபடி நிறுவிக்கொண்டிருக்கும். அடிக்கடி கரண்ட் போகும் பழைய கணினிகளில் உள்ளே நேரத்தைக் காக்கும் சிஆர்2032 பற்றரி செத்து, திகதி பல வருடம் பின்னால் போயிருக்கும். அப்போது பாதுகாப்பான இணையத்தளம் எதுவும் திறக்காது; டொமைனில் நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிசகினால் லொகினே ஆகாது. நூற்றுக்கணக்கான ரூபாய்ப் பற்றரிக்காக மணிக்கணக்கில் மண்டையை உடைக்க வேண்டாம்.

இன்னொன்று, வின்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை எல்லாவற்றிலும் நிறுத்திவிடுங்கள். அது இருக்கும்வரை 'ஷட்டவுன்' உண்மையான ஷட்டவுன் அல்ல. நெட்வேர்க்கிலிருந்து கணினியை எழுப்பும் வேக்-ஒன்-லானும் அதனால் வேலை செய்யாது. டொமைனும், அதன் சேவரிலிருந்து எல்லாக் கணினிகளுக்கும் விதிகளை அனுப்பும் குரூப் பொலிசியும் வைத்து நிறுவுபவர்களை இது இன்னும் அதிகம் பாதிக்கும், ஏனென்றால் கணினிக்கு ஒதுக்கிய எம்எஸ்ஐ துவங்கும் நேரத்தில்தான் நிறுவப்படும். மாணவர் தினமும் ஷட்டவுன் செய்து திறந்தாலும் அந்தத் துவக்கம் நடந்ததாகக் கணக்கில்லை. ரீஸ்டார்ட் செய்தால் நடக்கும். குரூப் பொலிசியில் பகிர்வின் முழு நெட்வேர்க் பாதையைக் கொடுக்க வேண்டும், 'டொமைன் கொம்பியூட்டர்ஸ்' குழுவுக்கு வாசிக்கும் அனுமதி வேண்டும். ஹோம் பதிப்பு டொமைனில் சேரவே முடியாது என்பதையும் வாங்கும்போதே நினைவில் வையுங்கள்.

நிறுவிய பிறகு வெளியேறு எண்ணை மட்டும் நம்பாமல், மென்பொருளின் எக்ஸ்இ கோப்பின் பதிப்பு எண்ணையும் ரெஜிஸ்ட்ரியில் உள்ள அன்இன்ஸ்டோல் பட்டியலையும் வாசித்துச் சரிபாருங்கள். 64 பிட் வின்டோஸில் அந்தப் பட்டியல் இரண்டு இடங்களில் இருக்கும், இரண்டையும் பார்க்க வேண்டும். 'வின்32 புரொடக்ட்' என்று பவர்ஷெலில் கேட்கச் சொல்லும் உதாரணங்கள் எங்கும் கிடைக்கும், அதைத் தவிருங்கள். அது பட்டியலை மட்டும் தருவதில்லை, ஒவ்வொரு எம்எஸ்ஐ மென்பொருளையும் சோதித்து, குறை கண்டால் பழுதுபார்க்கவும் தொடங்கும். நாற்பது கணினிகளில் ஒரே நேரத்தில் அதை ஓட்டினால் வகுப்பு நின்றுவிடும்.

புது மென்பொருள் எதையும் முதலில் ஒரு கணினியில், பிறகு ஹோம், புரோ, பழையது, புதியது கலந்த ஐந்தில், ஒரு ரீஸ்டார்ட்டும் மாணவர் கணக்கில் ஒரு லொகினும் பார்த்த பிறகே மற்றவற்றில் தள்ளுங்கள். அதோடு, நிறுவும் கட்டளையை எழுதும் அன்றே நீக்கும் கட்டளையையும் எழுதி அந்த ஐந்தில் ஓட்டிப் பாருங்கள்: எம்எஸ்ஐக்கு அதன் புரொடக்ட் கோட், இன்னோ செட்டப்புக்கு நிறுவிய கோப்புறையிலேயே இருக்கும் நீக்கி, என்எஸ்ஐஎஸ்ஸுக்கு நீக்கியோடு அதே பெரிய எஸ். இரண்டு கட்டளைகளையும் ஒரே தாளில், மென்பொருளின் பதிப்பு எண்ணோடு எழுதிக் கூடத்துக் கோப்பில் வைத்துவிட்டால், அடுத்து அந்த நாற்காலிக்கு வருபவர் யாரையும் தேடி அலைய வேண்டியதில்லை.